உண்டி வேட்கையும் இளமை வாசனையும்

உண்ணாநோன்பின் மாண்பினை எழுதுதற்கு உரியார் நம்மிடைப் பலர் உளர். யானும் அதனைக் குறித்துச் சிலமுறை எழுதியும் பேசியும் இருக்கின்றேன். இப்பொழுது எழுதப் புகுந்தது அதற்கு மறுதலையானதொரு செய்தி. உண்ணாது நிற்கவல்ல ஒருவன், உண்பதினின்றும் மீளமாட்டாதவனாய் முப்பதாண்டிற்கு மேற் கிடந்த வரலாறு இது. அவ்வொருவன் யானே. எழுபதாண்டை எட்டிய பின்னர் நாணத்தைக் காத்துக்கொண்டு யாது பயன் என்று கருதியும், இதனைப் படிப்பார்க்குள் என்னைப் போன்றார் ஒருவரிருவர் இருத்தல் கூடும் என்று எண்ணியும் எழுதத் துணிந்தேன்.

பிரதோஷம், சோமவாரம், கந்தசஷ்டி ஆறு நாள், மாசிச் சிவராத்திரி ஆகிய இவற்றுள் ஒன்றிலேனும் யான் நோன்பு பிழைத்ததில்லை. சிவராத்திரியன்று நீரும் அருந்தாது நான்கு யாமமும் விழித்திருப்பேன். பசி என்பது அப்பொழுது எனக்கு ஒரு பொருட்டாகவே தோன்றியதில்லை. ஆயின், பாரணை முடித்து, வயிறார உண்டு படுத்த மறுநாளிரவு, வீட்டார் அனைவரும் உறங்கிய பின்னர், யான் எழுந்து அடுக்களைக்குச் செல்வேன். விளக்கு ஏற்றமாட்டேன். கதவின் பின்னே நின்றுகொண்டு சம்படத்திற் கை நுழைத்து, முறுக்கோ, அவலோ, சீனியோ, கருப்பட்டியோ, அகப்பட்டதை எடுத்து விரைந்து விழுங்குவேன். சுவை தெரியாது. வயிறு போதும் என்ற பின்னரும் கை நில்லாது. படுக்கைக்கு மீளுங்கால் என்மேல் எனக்கே அருவருப்பு உண்டாகும். 'இனி இல்லை' என்று திருநீற்றைத் தொட்டு உறுதி செய்வேன். அவ்வுறுதி மறுநாள் நள்ளிரவுவரை நிற்கும்.

நாவடக்கம் இல்லாமையே இதற்குக் காரணம் என்று யார்தாம் கூறார்? யானும் அங்ஙனமே நினைத்தேன். எனினும் ஓர் ஐயம் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. அடக்கம் இல்லாதவனுக்குச் சிவராத்திரி எங்ஙனம் கைகூடிற்று? ஒரே நாவுதான், ஒரே வயிறுதான். பகலில் அடங்கிய அது இரவில் அடங்காமற் போயது ஏன்? இவ்வினாவை யான் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்பதாயின் முதலிற் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டுமன்றோ?

எந்தையார் 1962-இல் மறைந்தபொழுது எனக்கு வயது ஆறு. நிலபுலம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லாமையால், அன்னையார் என்னை அழைத்துக்கொண்டு, திருநெல்வேலியை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்த தம் தமையனார் இல்லத்தை அடைந்தார். என் மாமா நல்லவர், அதிகம் பேசாதவர், நெல்மண்டி ஒன்றிற் கணக்கெழுதி வந்தவர். அவருக்கு மக்கள் எழுவர். எங்களையும் கூட்டினால் அவ்வீட்டில் பதினொரு வாய். 1965, 1966 ஆகிய ஈராண்டும் நாட்டின் பல பகுதிகளில் மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்திறங்கிய காலம் அது. பங்கீட்டுக் கடை வரிசையிற் பையுடன் நிற்பதே எங்கள் சிறுவர் கூட்டத்திற்கு அந்நாளிற் பெரும்பொழுதுபோக்கு.

அத்தை அரிசியை உழக்கால் அளந்தே உலையில் இடுவார். அளந்தவுடன் அரங்கைப் பூட்டிச் சாவியை இடுப்பிற் செருகிக்கொள்வார். அரங்கு என்பது எங்கள் பக்கத்து வீடுகளில் நெல்லும் பருப்பும் பண்டமும் வைக்கும் உள்ளறை, பகலிலும் இருண்டிருக்கும். அச்சாவிக்கொத்தின் ஓசை இன்றும் என் செவியில் உளது. எவரும் என்னைப் பட்டினி போட்டாரல்லர்; இதனை அழுத்திச் சொல்லுதல் என் கடன். எல்லார்க்கும் இட்டதே எனக்கும் இட்டனர். ஆயினும், இலையை முன்னே தள்ளி 'இன்னும் கொஞ்சம்' என்று கேட்கும் உரிமை அவ்வீட்டுப் பிள்ளைகட்கு இருந்தது, எனக்கு இல்லை. இல்லை என்று ஒருவரும் சொன்னதில்லை. அன்னையாரின் கண் சொல்லிற்று. வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வரும் அவர், என் இலைக்கு நேரே வருங்கால் என்னை நிமிர்ந்து பாராமலே கடந்துவிடுவார். தன் பிள்ளைக்கு அள்ளி வைத்தாள் என்னும் சொல் ஒருநாளும் வந்துவிடலாகாது என்பது அவருடைய அச்சம்.

பகல் முழுதும் அவர் அடுக்களையிலும் கிணற்றடியிலும் இருப்பார். யான் அவரைக் காண்பதே அரிது. இரவு பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்த பின்னரே வருவார். பிள்ளைகளாகிய நாங்கள் பட்டாசலில் வரிசையாகப் படுத்திருப்போம். அவர் என் தோளைத் தொடுவார். யான் ஓசையின்றி எழுந்து அடுக்களைக் கதவின் பின்னே செல்வேன். முந்தானையில் முடிந்திருந்த கருப்பட்டித் துண்டொன்றை என் வாயிலிடுவார். கடிக்கும் ஓசை வெளியே கேளாதவாறு தம் உள்ளங்கையால் என் வாயை மூடிக்கொள்வார். "சீக்கிரம் தின்னு ராசா, யாரும் பார்த்துவிடப் போகிறார்கள்" என்பார். நாள் ஒன்றில் அன்னையின் கை என்மேற் பட்டது அச்சிறு பொழுது மட்டுமே. புளியும் சாம்பலும் மணக்கும் அக்கை, கருப்பட்டியின் தித்திப்பு, இருள், அச்சம் ஆகிய நான்கும் ஒன்றாய்க் கலந்து என்னுள் இறங்கின. அவற்றைப் பிரித்து அறியும் வயதன்று அது.

1978-இல் ஓர் உயர்நிலைப்பள்ளியில் தமிழாசிரியனாக அமர்ந்தேன். முதல் மாத ஊதியத்தில் ஒரு பனையோலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டி வாங்கினேன் என்றால் அன்பர்கள் நகைப்பீர்கள். மறு ஆண்டே அன்னையாரை என்னிடம் அழைத்துக்கொண்டேன். என் வீட்டில் எந்த அறைக்கும் பூட்டு இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வது என் வழக்கம். ஆயினும் பூட்டு உள்ள வீட்டில் உண்பவனைப் போன்றே இரவில் உண்டேன். நன்னாட்களில் அது சற்றுக் குறைந்திருக்கும். தலைமையாசிரியர் பலர் முன் கடிந்துகொண்ட நாளிலும், உறவினர் வீட்டு விழாவில் எனக்கு முறைப்படி இருக்கை தராத நாளிலும், எழுதிய கட்டுரை திரும்பி வந்த நாளிலும் மிகுந்திருக்கும். இவ்வியைபினை அந்நாளில் யான் கண்டிலேன். 1981-இல் மனைவியாக வந்தவள் கண்டிருத்தல் வேண்டும். நிறைத்து வைத்த சம்படம் விடியலிற் குறைந்திருத்தல் அவளுக்குத் தெரியாதிருக்குமா? அவள் ஒன்றும் கேட்டதில்லை. மீண்டும் நிறைத்து வைத்தாள். அதனைப் பொறுமை என்று சொல்வதா, வேறு யாது என்று சொல்வதா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இங்கு ஒன்றை ஒளியாமற் கூறவேண்டும். 1987-இல் என் வகுப்பில் ஒரு மாணவன், பன்னிரண்டு வயதினன், வேறொருவன் பையிலிருந்த அதிரசத்தை எடுத்துத் தின்னுங்கால் அகப்பட்டான். பள்ளியில் நண்பகல் உணவு இடப்பட்டு வந்த காலம் அது. ஆதலின் பசியாற் செய்தான் என்று எண்ணுதற்கு இடமில்லை என்பது என் வாதம். என்னைக் கண்டவுடன் அவன் முதலிற் செய்தது வாயைத் துடைத்துக்கொண்டதுதான். அச்செயல் ஏனோ எனக்கு அளவிறந்த சினத்தை மூட்டிற்று. பிரம்பால் நான்கைந்து அடி கொடுத்து, வகுப்பின் முன் நிறுத்தி, உண்டி சுருக்கல் பற்றியும் பிறர் பொருள் வெஃகாமை பற்றியும் அரைமணிப் பொழுது பேசினேன். அன்றிரவு யான் உண்ட உணவைப் போல் வேறு எந்நாளும் உண்டதில்லை. அவன் யாருடைய வீட்டில் வளர்கின்றான் என்று யான் கேட்டேனல்லேன். அவ்வாண்டின் இறுதியில் அவன் பள்ளியை விட்டு நீங்கிவிட்டான்.

1998-இல் நீரிழிவு கண்டனர். பகலில் சொன்ன பத்தியத்தை இம்மியும் பிழையாது காத்தேன். சீனியின் அளவு மட்டும் குறையவில்லை. மருந்தை மாற்றினர், ஊசி தொடங்கினர். 'சாப்பாட்டில் ஏதேனும் தவறு உண்டா?' என்று வினவிய மருத்துவர் அனைவரிடமும் 'இல்லை' என்றே கூறினேன். என் நெற்றியிலிருந்த திருநீற்றைக் கண்டு அவர்களும் நம்பினர் போலும். 2009-இல் வலக்காலில் ஒரு சிறு கொப்புளம் புண்ணாகி, ஆறாமல், இரண்டு விரல்களை எடுக்கும்படி ஆயிற்று.

காலிற் கட்டுடன் கிடந்தபொழுது ஓர் இளம் மருத்துவர் வந்து என் அருகில் அமர்ந்தார். முன்னையோர் கேட்ட வினாவை அவர் கேட்கவில்லை. "ஐயா, எந்த நேரத்தில் சாப்பிடுகிறீர்கள்?" என்றார். பகலுணவுகளைச் சொல்லி முடித்தேன். "இரவில்?" என்றார். யான் விடை கூறவில்லை. அவர் சற்றுப் பொறுத்து, "உட்கார்ந்தா, நின்றா?" என்றார். எதிர்பாராத அவ்வினாவால் தடுமாறி, "நின்றுதான்" என்று சொல்லிவிட்டேன். "விளக்கைப் போட்டுக்கொள்வீர்களா?" "இல்லை." "ஏன்?" என்றார். எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. என் வீட்டில், என் பொருளில், என் மனைவி செய்து வைத்த பண்டத்தை உண்ண யான் விளக்கேற்றாமைக்குக் காரணம் யாது? அப்பொழுதுதான் இன்னொன்றும் நினைவிற்கு வந்தது. அங்ஙனம் நின்று உண்ணுங்கால் என் இடக்கை எப்பொழுதும் என் வாயை மூடியிருக்கும்.

அம்மருத்துவர் எனக்குச் சில நூல்களையும் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் அறிமுகம் செய்தார். தமிழாசிரியனாகிய எனக்கு அவை எளியவையல்ல. ஆயினும் ஓய்வு மிகுதியாயிருந்தமையால் மெல்லமெல்லப் படித்தேன். பின்னரும் அத்துறையில் வெளிவந்தவற்றைத் தேடிப் படித்து வருகின்றேன். கலிபோர்னியாவின் சான் தியாகோ நகரில், உடற்பருமன் குறைக்கும் மருத்துவ நிலையம் ஒன்றை நடத்திவந்த வின்சென்ட் ஃபெலிட்டி என்பார், 1985-ஆம் ஆண்டளவில் ஒரு புதுமையைக் கண்டார். எடை நன்கு குறைந்துவந்தவர்களே பலர் இடையில் நின்றுவிட்டனர். காரணம் அறியும்பொருட்டு அவர்களை வினவியபொழுது, அவருட் பலர் குழந்தைப் பருவத்திற் கொடுமைக்கு ஆளானவர் என்பது வெளிப்பட்டது. நோய் என்று மருத்துவர் கருதிய மிகையூண், அவர்களைப் பொறுத்தவரை துயருக்கு அவர்கள் தாமே கண்டுகொண்ட மருந்தாக இருந்தது. அவர் ராபர்ட் ஆண்டா என்பாருடன் கூடிப் பதினேழாயிரவர்க்கு மேற்பட்டோரிடம் நடத்திய ஆராய்ச்சியின் முதற்கட்டுரை 1998-இல் வெளியாயிற்று. இளமையிற் பட்ட துன்பங்களின் வகை பெருகப் பெருக, குடி, புகை, மிகுபருமன் முதலியவற்றிற்கு ஆளாதலும் பெருகுகின்றது என்பது அதன் முடிபு. அந்நாட்டுச் செவிலியர் 57,321 மகளிரை வைத்து 2013-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, இளமையிற் கடுங்கொடுமைக்கு உட்பட்டவர் பின்னாளில் உணவுக்கு அடிமையாதல் ஏனையோரினும் ஏறத்தாழ இருமடங்கு என்கின்றது.

எனக்கு நேர்ந்தது அத்தகைய கொடுமை அன்று. ஆதலின் அவற்றினும் என் நெஞ்சைத் தொட்டவை வேறு இரண்டு. இரண்டாம் உலகப் பெரும்போரின் இறுதியில், 1944, 1945 ஆகிய ஆண்டுகளில், மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பார், தாமாக முன்வந்த 36 இளைஞரை ஆறு திங்கள் அரைவயிற்றுக்கு உணவிட்டு ஆராய்ந்தார். உடலும் உள்ளமும் திண்ணியரென்று தேர்ந்தெடுக்கப்பட்ட அவர்கள், சின்னாளில் உணவைத் தவிர வேறொன்றை எண்ணமாட்டாதவர் ஆயினர். சமையல் நூல்களைத் திரட்டிப் படித்தனர். வேண்டிய மட்டும் உணவு கிடைத்த பின்னரும் சிலருக்கு எத்துணை உண்டும் வயிறு நிறைந்ததாகத் தோன்றவில்லை. முற்றிய ஆடவர்க்கு ஆறு திங்களில் இது நேருமாயின், ஆறு வயதினனுக்கு யாது நேரும்? மற்றொன்று, 1999-இல் ஜெனிபர் ஃபிஷர், லியான் பர்ச் என்னும் அம்மையார் இருவர் வெளியிட்டது. சிறு குழந்தைகளின் கண்ணிற்படும்படி ஒரு தின்பண்டத்தை வைத்துச் சிறிது பொழுது தடுத்துவைத்தனர். அக்குழந்தைகள் அதனைப் பற்றியே பேசின. தடை நீங்கியவுடன் அதனையே மிகுதியாக எடுத்துக்கொண்டன. படித்தபொழுது என் செவியில் சாவிக்கொத்து ஒலித்தது.

இவற்றை ஒரு வரம்புடனே கொள்ளல் வேண்டும். 'உணவுக்கு அடிமையாதல்' என்பதனை அளந்தறிய யேல் பல்கலைக்கழகத்தார் 2009-இல் ஒரு வினாநிரல் வகுத்தனரேனும், அமெரிக்க மனநோய் மருத்துவர் கழகத்தார் 2013-இல் வெளியிட்ட நோய்த்தொகுதியில் அப்பெயர் இடம்பெறவில்லை. அளவிறந்து உண்ணும் நோய் என ஒன்றே தனியே வகுக்கப்பட்டது. இளமையில் அல்லலுற்றார் எல்லாரும் இதற்கு ஆளாவதில்லை. என் மாமா மக்கள் எழுவரும் அதே சாவியின் கீழ் வளர்ந்தவரே. அவருள் ஒருவரும் என்னைப்போல் ஆகவில்லை. இலையை முன்னே தள்ளும் உரிமை அவர்கட்கு இருந்தது என்பதை மேலே கூறினேன்.

நம் சித்தாந்த நூலோர், மலம் நீங்கிய பின்னரும் அதன் வாசனை தாக்குதற்குப் பெருங்காயம் வைத்திருந்த பாண்டத்தை உவமை கூறுவர். காயம் எடுக்கப்பட்டது, மணம் போகவில்லை. பலகாலும் மாணாக்கர்க்கு யான் எடுத்துரைத்த உவமைதான். பாண்டத்தைக் குற்றம் சொல்லி உடைப்பார் ஒருவரும் இலர் என்பதனை மட்டும் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. எல்லாம் வினைப்பயன் என்று என் செயலை ஒதுக்கிவைத்திருந்தேன். அங்ஙனம் ஒதுக்கியது அடக்கமன்று. ஆராய அஞ்சியதே என்பது பின்னர் விளங்கிற்று. பிள்ளைமையில் நா பழகியது எத்துணை வலிது என்பதற்கு உபமன்னியர் வரலாறு ஒன்றே சாலும். அம்மானாகிய வசிட்டர் இல்லத்திற் காமதேனுவின் பாலுண்டு பழகியவர், தந்தையார் குடிலில் அது பெறாது அழுதார். இறைவன் பாற்கடலையே அளித்தான். யானும் அம்மான் வீட்டில் வளர்ந்தவன். எனக்குப் பழகியது இருட்டிற் கிடைத்த கருப்பட்டி.

2010-ஆம் ஆண்டு வைகாசி மூலத்தன்று எங்கள் ஊர்ச் சைவ சபையில் ஆளுடைய பிள்ளையார் ஞானப்பால் உண்ட வரலாற்றைப் பேசும்படி என்னைப் பணித்தனர். முப்பது முறைக்கு மேற் பேசிய வரலாறு. சீகாழித் திருக்குளக்கரையில் மூன்று வயதுப் பிள்ளை அழுததும், அம்மையார் பொற்கிண்ணத்திற் பாலூட்டியதும், நீராடி ஏறிய தந்தையார் பிள்ளையின் வாயிற் பால் ஒழுகக் கண்டு, கொடுத்தார் யாவர் என்று கோலோங்கி வெகுண்டதும் வரைக்கும் வந்தேன். அவ்விடத்தில் நின்றுவிட்டேன். கோலைக் கண்ட அப்பிள்ளையார் வாயைத் துடைத்துக்கொண்டாரல்லர். வாயிற் பாலுடனே நின்று, கொடுத்தாரைச் சுட்டிக் காட்டினார். 1987-இல் வாயைத் துடைத்துக்கொண்ட பையனும், கதவின் பின்னே வாயை மூடிக்கொண்டு நிற்கும் யானும் என் கண்முன் வந்தோம். யாருக்கும் விளங்காதபடி இரண்டொரு சொற் குழறி, உடல்நலம் இல்லை என்று கூறி அமர்ந்துவிட்டேன். கால்நோவு போலும் என்று அன்பர்கள் இரங்கினர்.

அன்றிரவு அன்னையாரிடம் கேட்டேன். அவருக்கு அப்பொழுது 76 வயது; பார்வை மங்கியிருந்தது; நினைவு மங்கவில்லை. "அம்மா, அந்த வீட்டில் ராத்திரி எனக்குக் கருப்பட்டி தருவீர்களே, நினைவிருக்கிறதா?" என்றேன். நெடுநேரம் பேசாதிருந்தார். "நீ மறந்திருப்பாய் என்று நினைத்தேன்" என்றார். பின்னர் அவரே, "அரங்குச் சாவி உன் அத்தை இடுப்பில் இருக்கும்போது கருப்பட்டி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று என்றைக்காவது யோசித்தாயா?" என்று வினவினார். யான் யோசித்ததில்லை. அன்னை திருடினார் என்றே கொண்டிருந்தேன். ஐம்பதாண்டுக் காலம் அதனை ஒரு கறையாகவும், அவர் அன்பிற்கு அளவுகோலாகவும் ஒருங்கே சுமந்திருந்தேன்.

"அவள்தான் வைப்பாள். அரங்கைப் பூட்டிவிட்டுப் போகும்போது ஆட்டுரலுக்கு மேலே மாடக்குழியில் ஒரு துண்டு வைத்துவிட்டுப் போவாள். ஒருநாளும் தவறியதில்லை. என்னிடமும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. வெளிச்சத்தில் கொடுத்தால் ஏழு பேருக்கும் கொடுக்க வேண்டாமா? அவள் என்ன செய்வாள்?" என்றார்.

அத்தை 1991-இல் இறந்துபோனார். செய்தி வந்தபொழுது, பள்ளியில் தேர்வு நடக்கின்றது என்று காரணம் கூறி மூன்றாம் நாளே யான் சென்றேன். அவருக்காக அழவில்லை. சாவிக்கொத்து இப்பொழுது யார் இடுப்பில் உள்ளது என்று பார்த்ததாக நினைவு.

இரண்டு பெண்கள் ஒரு பிள்ளையின்மேல் அன்புகொண்டு, ஒருவருக்கொருவரும் சொல்லாமல், அவனுக்கும் சொல்லாமல், நாள்தோறும் அதனை இருளில் வைத்துச் சென்றனர். அன்பு எனக்குக் கருப்பட்டியாக மட்டுமே வந்தது. அச்சமோ தன்னுருவிலேயே வந்தது. யாரைக் குறை கூறுவது? யாரையும் குறை கூறாமலே ஒரு நோய் உண்டாகக் கூடும் என்பதனை ஒப்புக்கொள்ள எனக்கு நெடுங்காலம் வேண்டியிருந்தது. அன்னையார் 2013-இல் சிவபதம் அடைந்தார். இறுதித் திங்களில் அவர் வாயில் கருப்பட்டி நீரை யான் பலர் காணப் பகலில் ஊட்டினேன் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

அம்மருத்துவர் எனக்கு விதித்தது ஒன்றே. 'எழுந்து உண்ணத் தோன்றினால் உண்ணுங்கள், ஆனால் விளக்கைப் போடுங்கள், இலையிட்டு அமருங்கள், கையை வாயிலிருந்து எடுங்கள்' என்றார். எளிதென்று எண்ணினேன். முதல் நாள் விளக்கேற்றி, ஒரு கருப்பட்டித் துண்டை இலையில் வைத்து அமர்ந்தவனுக்கு அதனை எடுக்கக் கை வரவில்லை; அழுகைதான் வந்தது. மனைவி எழுந்து வந்து, ஒன்றும் பேசாது எதிரே அமர்ந்தாள். நோன்பு எனக்கு ஏன் எளிதாயிற்று என்பது அப்பொழுது ஒருவாறு புலப்பட்டது. நோன்பு பகலில் நிகழ்வது. வீட்டாரும் ஊராரும் அறிய நிகழ்வது. விடிந்தால் பாரணை உண்டு என்ற உறுதியோடு நிகழ்வது. அதில் யான் தனியனல்லேன். நோய் முற்றும் நீங்கிற்று என்று பொய் கூறமாட்டேன். திங்களுக்கு ஒருமுறை இருமுறை இன்றும் இருளில் எழுகின்றேன். சீனியளவு மட்டும் பெரும்பாலும் மருத்துவர் சொல்லும் எல்லைக்குள் நிற்கின்றது. எஞ்சிய விரல்கள் எட்டும் நலமாக உள.

சென்ற கோடை விடுமுறைக்கு மகனும் மருமகளும் பேர்த்தியுடன் வந்திருந்தனர். பேர்த்திக்கு ஐந்து வயது. எடை மிகுகின்றது என்று அவள் ஊர் மருத்துவர் அச்சுறுத்தியிருந்தமையால், மருமகள் தின்பண்டங்களை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். பூட்டில்லாத என் வீட்டிற்கு முதற்பூட்டு அங்ஙனம் வந்தது. மூன்றாம் நாள் நண்பகலில், அடுக்களைக் கதவின் பின்னே குழந்தை நிற்கக் கண்டேன். எங்ஙனமோ ஒரு முறுக்கை எடுத்திருக்கின்றாள். என்னைக் கண்டவுடன் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

மருமகளிடம் அன்று மாலை இக்கதை முழுவதையும் கூறினேன். மனைவிக்கும் சில பகுதிகள் புதியவை. மருமகள் படித்தவள், பொறுமையாகக் கேட்டாள். "பூட்டை எடுத்தால் எல்லாவற்றையும் தின்றுவிட மாட்டாளா மாமா?" என்றாள். "தின்பாள்" என்றேன். வேறு விடை என்னிடம் இல்லை. பூட்டு எடுக்கப்பட்டது. மாலையில் உரிய வேளையில், பட்டாசல் நடுவே, விளக்கின் கீழ், ஆளுக்கொரு தட்டில் வைத்துக்கொண்டு எல்லாருமாக அமர்ந்து உண்பது என்று ஏற்பாடாயிற்று. முதல் இரண்டு நாளும் குழந்தை ஆவலுடன் விரைந்து தின்றாள். தட்டு ஒழிந்தவுடன் எங்கள் தட்டுகளைப் பார்த்தாள். மருமகள் என் முகத்தைப் பார்த்தாள். யான் குழந்தையின் தட்டில் இன்னும் ஒரு முறுக்கை வைத்தேன்.

ஐந்தாம் நாள் கருப்பட்டி வைத்திருந்தோம். குழந்தை ஒரு துண்டை எடுத்துக் கடகடவென்று ஓசை எழக் கடித்தாள். பாதி தின்றிருப்பாள், தெருவில் யாரோ அவள் பெயரைச் சொல்லி அழைத்தனர். மீதியைத் தட்டிலேயே போட்டுவிட்டு, வாயைக்கூடத் துடைக்காமல் ஓடிவிட்டாள். யான் அந்தப் பாதித் துண்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.